பி.காம்., பிபிஏ, எம்பிஏ படிப்புக்கு எந்த லேப்டாப்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு எனக்கு அழைப்புகள் தொடங்கிவிடும். வணிகவியல் மாணவர்களுக்கு டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), எக்ஸெல் வகுப்பு எடுப்பவன் என்பதால் உறவுக்காரர்கள், பழைய மாணவர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள் என எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். லேப்டாப் விலைகளைச் சொல்லவில்லை. 2025 இறுதியிலிருந்து மெமரி சிப்களின் விலை உலகெங்கும் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்று எழுதும் தொகை அடுத்த மாதமே பழசாகிவிடும்.

சார், பி.காம். தானே, என்ஜினீயரிங்கா என்ன? லேப்டாப் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

முதல் ஆண்டிலேயே வாங்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. நிதிக் கணக்கியல், வணிகச் சட்டம், பொருளியல் எல்லாம் நோட்டும் கால்குலேட்டருமாக ஓடும் பாடங்கள். தேர்வும் தாளில்தான். டேலி செய்முறை, புள்ளியியல், இறுதியாண்டு புராஜெக்ட் என்று வரும்போதுதான் சொந்தக் கணினி தேவைப்படும். அதுவரை கல்லூரி ஆய்வகம் போதும்.

பிபிஏ என்றால் முதல் பருவத்திலேயே பிரசன்டேஷன் கேட்பார்கள். முன்னதாக வாங்குவது நல்லது. எம்பிஏ சேருபவர்கள் வகுப்பு தொடங்கும் நாளிலேயே கையில் வைத்திருக்க வேண்டும். பி.காம். மாணவர்களுக்கு நான் சொல்வது: ஜூன் மாதக் கூட்டத்தில் முட்டி மோதாதீர்கள். ஆயுத பூஜை, தீபாவளித் தள்ளுபடிகள் வரை பொறுத்தால் பாடத்திட்டத்தில் என்ன மென்பொருள் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கடையில் காட்டுவதற்கு ஒரே வரியில் எழுதித் தாருங்களேன்.

விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்), ஃபுல் எச்டி ஐபிஎஸ் திரை (பக்கவாட்டில் பார்த்தாலும் தெளிவாகத் தெரிவது), யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறும் வசதி, எடை 1.7 கிலோவுக்குள். பிராசஸர் இன்டெல் ஐ3, ஐ5 அல்லது ரைசன் 5. அதன் தலைமுறையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

பணம் பற்றாவிட்டால் முதலில் பிராசஸரில் குறையுங்கள், பிறகு எஸ்எஸ்டியில். திரையிலும் கீபோர்டிலும் கை வைக்காதீர்கள். வணிகவியல் மாணவருக்குக் கணினியின் வேகம் எப்போதாவதுதான் உறைக்கும். கண்ணும் விரலும் தினமும் ஐந்தாறு மணி நேரம் படும் இடங்கள் மட்டமாக இருந்தால் மூன்று ஆண்டும் அவதி.

ஐ7 வாங்கினால் ரொம்ப நாள் வருமாமே? ஐ5 போதும் என்கிறீர்களே?

டேலியும் எக்ஸெலும் ஐ3-யிலேயே நன்றாக ஓடும். ஐ7-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ரேமுக்கும் திரைக்கும் கொடுத்தால் அதைவிட நாள் வரும். ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயர் எதையும் முழுதாகச் சொல்வதில்லை. அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் படிக்க வேண்டும். ஐ5-1235யு என்றால் 12-ஆம் தலைமுறை, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் 'யு' வகை. 'எச்' என்று முடிந்தால் வேகம் கூடும். சூடும் கூடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். 2023 இறுதியில் வந்த கோர் அல்ட்ரா வரிசையிலிருந்து இன்டெல் அந்த 'ஐ' எழுத்தையே விட்டுவிட்டது. கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று பார்த்துத் திகைக்க வேண்டாம்.

ஏஎம்டி வாங்குபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு: இரண்டுக்கும் ஓர் எண்தான் வித்தியாசம், கடைக்காரர் இரண்டையும் 'புது ரைசன் 5' என்றே சொல்வார். இந்த 7000 வரிசையில் மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைக் காட்டும். 7520யு-வில் இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்). 7530யு-வில் ஜென் 3, ஆறு கோர்கள். போதாக்குறைக்கு 7520யு உள்ள லேப்டாப்களில் ரேம் போர்டோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் கூட்ட வழியில்லை. விலை கணிசமாகக் குறைவாக இருந்தாலொழிய அதைத் தொடாதீர்கள்.

8 ஜிபி ரேம் போதாதா? எக்ஸெல் ஃபைல் அவ்வளவு பெரிதாகவா இருக்கும்?

இருக்காது. ஒரு எக்ஸெல் தாளில் 10,48,576 வரிசைகள் இருக்கின்றன. நம் மாணவர் புராஜெக்டுக்கு நூற்றைம்பது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கிய பதில்கள் அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ரேமைத் தின்பது எக்ஸெல் இல்லை. விண்டோஸ் 11 தனக்கே மூன்று, நான்கு ஜிபி எடுத்துக்கொள்ளும். மேலே குரோமில் இருபது பக்கங்கள், ஓரத்தில் கூகுள் மீட், நான்கு பிடிஎஃப் ஆண்டறிக்கைகள். இப்படித்தான் 8 ஜிபி மூச்சுத் திணறுகிறது.

8 ஜிபிதான் கட்டுப்படியாகும் என்றால் வாங்கலாம். கூடுதல் ரேம் போட ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். 'இருக்கும்' என்ற வாய்மொழி போதாது, அந்த மாடலின் விவரத்தாளில் காட்டச் சொல்லுங்கள். பவர் பிஐ (தரவுகளை வரைபடமாக்கும் மென்பொருள்), பைத்தான் (நிரல்மொழி) என்று போகப்போகும் எம்பிஏ அனலிடிக்ஸ் மாணவர்கள் 16-க்குக் கீழே போகக் கூடாது.

எஸ்எஸ்டி ஒரு டிபி வேண்டுமா?

வேண்டாம். 512 தாராளம், 256-இலும் சமாளிக்கலாம். எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு யாராவது விற்றால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். புராஜெக்ட் ஃபைலை ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வைவாவுக்கு முந்தைய வாரம் 'சார், ஃபைல் போய்விட்டது' என்று ஆண்டுதோறும் யாராவது வந்து நிற்கிறார்கள்.

14 அங்குலமா, 15.6-ஆ? என் மகள் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

பஸ் என்றால் 14 அங்குலம். 15.6 அங்குல லேப்டாப்புக்கு எடையும் கூடும், பஸ் நெரிசலில் அகலமான பையும் தொல்லை. ஆனால் பெரிய லேப்டாப்பில் ஒரு சௌகரியம் இருக்கிறது: வலப்பக்கம் தனி எண் பலகை. நூறு வவுச்சர்களை டேலியில் பதிந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 14 அங்குலத்தில் பெரும்பாலும் அது இருக்காது. கவலை வேண்டாம், யுஎஸ்பியில் செருகும் எண் பலகை தனியாகவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டு மேசையிலேயே கிடக்கட்டும்.

திரையின் விகிதத்தையும் பாருங்கள். 1920×1080-க்குப் பதில் 1920×1200 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் கூடுவதால் எக்ஸெலில் நான்கைந்து வரிசைகள் கூடுதலாகத் தெரியும். ஐந்தொகையைப் பார்க்கும்போது மேலும் கீழும் உருட்டுவது குறையும். கடையில் திரையைச் சோதிக்க யூடியூப் வீடியோ போடாதீர்கள், எல்லாத் திரையும் அதில் பளபளக்கும். வெற்று எக்ஸெல் தாளைத் திறந்து சற்றே பக்கவாட்டில் நின்று பாருங்கள். அந்த வெளிர் சாம்பல் கோடுகள் மறைந்தால் அது மலிவான பேனல். பிரகாசம் 300 நிட்ஸாவது இருக்கட்டும். 250 என்றால் ஜன்னலோர பெஞ்சில் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும்.

புது லேப்டாப்பில் டேலி வேலை செய்யவில்லை சார். எஃப்5 அழுத்தினால் வெளிச்சம் கூடுகிறது.

டேலியில் கோளாறு இல்லை. எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று நாம் விரல்களுக்குப் பழக்கி வைத்திருக்கிறோம். இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் அந்த மேல்வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் ஆகியவற்றுக்கே முதலில் வேலை செய்யும்படி வருகின்றன. பல மாடல்களில் எஃப்என் விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினால் மாறிவிடும். சிலவற்றில் பயாஸ் என்ற தொடக்க அமைப்புக்குள் போய் மாற்ற வேண்டும்.

இதற்காகவே சொல்கிறேன், வாங்கும் முன் கீபோர்டைத் தட்டிப் பாருங்கள். மேல்வரிசை மெல்லிய கீற்றாக இருக்கிறதா, அம்புக்குறி விசைகள் பாதி அளவில் நசுங்கி இருக்கின்றனவா, பவர் பொத்தானை டெலீட் விசைக்கு ஒட்டியே வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் இணையதளப் படத்தில் உறைக்காது. எக்ஸெலில் அம்புக்குறியோடுதான் குடித்தனம்.

மேக்புக் ஏர் வாங்கித் தருவதாக மாமா சொல்கிறார். பி.காம்.-க்குச் சரிப்படுமா?

நல்ல மாமா. ஆனால் கணக்குத் துறைக்குப் போகும் எண்ணம் இருந்தால் வேண்டாம் என்பேன். டேலி பிரைம் விண்டோஸுக்கானது, மேக்கில் நேரடியாக நிறுவ முடியாது. பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸில் மட்டுமே. மேக் எக்ஸெலில் பெரிய தரவுகளை அலசும் பவர் பிவட் வசதி இல்லை. ஆல்ட் விசையை அழுத்திவிட்டு எழுத்துகளைத் தட்டும் விண்டோஸ் குறுக்குவழிகளும் அப்படியே வராது. ஜிஎஸ்டி தளத்தின் ஆஃப்லைன் டூல் மேக்கிலும் லினக்ஸிலும் ஓடாது. சிஏ அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சிக்குச் சேரும்போது இவை ஒவ்வொன்றும் குறுக்கே வந்து நிற்கும். மேக்குக்குள் விண்டோஸை ஓட்டலாம் என்பார்கள். அதற்கும் தனிச் செலவு, தனித் தலைவலி.

மார்க்கெட்டிங், மனிதவளம் என்று போகும் எம்பிஏ மாணவருக்கு மேக்புக் ஏர் அருமையான கணினி. பேட்டரி நாள் முழுக்க நிற்கும், விசிறிச் சத்தமே கிடையாது, நாலைந்து ஆண்டு கழித்து விற்றாலும் விலை கிடைக்கும். ஆக, தீர்மானிக்க வேண்டியது எந்தத் துறை என்பதைத்தான்.

அண்ணன் கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்கிறான். படிப்புக்கும் பயன்படுமாமே?

படிப்புக்கும் பயன்படும், உண்மைதான். இரண்டு கிலோவுக்கு மேல் எடை, செங்கல் போல ஒரு சார்ஜர், வகுப்பில் விமானம் கிளம்புவது போல விசிறிச் சத்தம், மதியத்துக்குள் காலியாகும் பேட்டரி ஆகியவையும் சேர்ந்து வரும். அந்தக் கிராபிக்ஸ் கார்டால் எக்ஸெலுக்கு நயாபைசா பிரயோஜனம் இல்லை. லேப்டாப்பை வகுப்புக்கு எடுத்துப்போகப் போவது அண்ணனா, நீங்களா?

ஏஐ பிசி என்று ஒன்று விற்கிறார்களே?

கோபைலட் பிளஸ் என்று மைக்ரோசாஃப்ட் முத்திரை குத்தும் கணினிகளுக்கு 16 ஜிபி ரேமும், நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் தனிச் சிப் பகுதியும் வேண்டும். மாணவர்கள் பயன்படுத்தும் சாட்பாட்கள் எங்கோ தொலைவில் உள்ள சர்வரில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு இந்தச் சிப் தேவையில்லை. அதே விலையில் கிடைத்தால் சரி. அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

டேலி, ஆபிஸ் எல்லாம் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? கடைக்காரர் எல்லாவற்றையும் போட்டுத் தருகிறேன் என்கிறார்.

கடைக்காரர் 'போட்டுத் தருவது' பெரும்பாலும் திருட்டுப் பிரதி. அதோடு வைரஸும் வரும், ஒருநாள் அது திறக்காமலும் போகும். டேலி பிரைமை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி எஜுகேஷனல் முறையில் இலவசமாகப் பயன்படுத்தலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே வவுச்சர் பதிய முடியும் என்பது அதில் உள்ள கட்டுப்பாடு. பயிற்சிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எல்லாப் பரிவர்த்தனைகளையும் ஒன்றாம் தேதியில் போட்டுப் பழகுங்கள்.

ஆபிஸைப் பொறுத்தவரை கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் மைக்ரோசாஃப்டின் கல்விக் கணக்கு கிடைக்குமா என்று முதலில் துறையில் கேளுங்கள். பல புது லேப்டாப்களில் ஆபிஸ் ஹோம் பதிப்பு விலையிலேயே அடங்கியிருக்கும். அந்த உரிமம் முதலில் எந்தக் கணக்கில் பதியப்படுகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் 'ஆக்டிவேட் செய்து தருகிறேன்' என்று தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் பிறகு அலைய வேண்டும். உங்கள் சொந்த முகவரியில் நீங்களே பதியுங்கள். புள்ளியியலுக்கான எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் விலை அதிகம். அதே மாதிரி வேலைகளுக்கு ஜமோவி, ஜாஸ்ப், பிஎஸ்பிபி மூன்றும் இலவசம். புராஜெக்ட் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று: சில மலிவு மாடல்களில் விண்டோஸ் 'எஸ் மோட்' என்ற நிலையில் வரும். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவை மட்டுமே நிறுவ முடியும், டேலி ஏறாது. அமைப்புகளில் போய் இலவசமாகவே அதிலிருந்து வெளியேறலாம். திரும்ப உள்ளே போக முடியாது, போக வேண்டிய தேவையும் இல்லை.

தமிழ் வழியில் பி.காம். படிக்கிறேன். தமிழில் தட்டச்சு செய்யத் தனி கீபோர்டு வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸ் 11-இல் தமிழ் 99, அஞ்சல் என்ற தட்டச்சு முறைகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். ஜெராக்ஸ் கடைக்காரர் பழைய எழுத்துருவில் கேட்டாலும் நீங்கள் யூனிகோடிலேயே அடித்துப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்.

அரசு லேப்டாப் வருமென்கிறார்கள். அதற்காகக் காத்திருக்கலாமா?

தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது, இடையில் நின்றுபோனது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என மீண்டும் அறிவிக்கப்பட்டது. அரசு நிறுவனமான எல்காட் கோரிய ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்று இருந்தது. மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் டேலிக்கும் எக்ஸெலுக்கும் அது போதும். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இருந்தால், புதிதாக ஒன்று வாங்கிப் பணத்தை முடக்காதீர்கள்.

சென்னை ரிச்சி தெருவில் பாதி விலைக்குப் பழைய லேப்டாப் கிடைக்கிறதாம். நம்பி வாங்கலாமா?

பார்த்து வாங்கத் தெரிந்தால் பட்ஜெட் குறைவானவர்களுக்கு நான் முதலில் சொல்லும் யோசனையே இதுதான். ஐடி நிறுவனங்கள் கழித்துக்கட்டும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகைகள் கெட்டியான உடலும் அருமையான கீபோர்டும் உள்ளவை. அதே விலையில் வரும் புது பிளாஸ்டிக் லேப்டாப்பைவிட மேல்.

இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். திங்க்பேட் டி480 சரி, பார்க்க அதைப்போலவே இருக்கும் டி470 கூடாது. பேட்டரி ரிப்போர்ட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்: வடிவமைப்பில் இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் அதில் இருக்கும். பாதிக்கும் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை, இதைப் பலர் செய்வதில்லை. கடையிலேயே முழுவதும் ரீசெட் செய்து, உங்கள் செல்போன் இணையத்தில் இணைத்து, முதல் அமைப்புத் திரை வரும்வரை காத்திருங்கள். அதில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து அலுவலகக் கணக்கில் நுழையச் சொன்னால், அந்தக் கணினி இன்னும் பழைய உரிமையாளரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

வாரண்டி எல்லாக் கம்பெனிக்கும் ஒரு வருடம்தானே? எந்தக் கம்பெனி நல்லது?

கம்பெனியைவிட உங்கள் ஊர் முக்கியம். மாவட்டத் தலைநகரில் சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனியை வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரண்டியா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதா என்று கேளுங்கள். தேநீர் கொட்டுவதும் கீழே விழுவதும் சாதாரண வாரண்டியில் அடங்காது; விடுதியில் தங்குபவர்கள் விபத்துப் பாதுகாப்பு எடுப்பது வீண்செலவில்லை. கடை ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால் உண்மையிலேயே வட்டி இல்லையா?

நிதி மேலாண்மை படிக்கப்போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. வட்டி உண்டு, அதற்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டில் எடுத்தால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்கள் தலையில். ஆண்டு வட்டி 4,500 ரூபாய் என்றால் வரி 810. செயலாக்கக் கட்டணம் தனி. முழுப் பணமும் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

கல்விக்கடன் எடுப்பவர்கள் இன்னொரு வழியையும் பார்க்கலாம். படிப்புக்குத் தேவை என்றால் கணினி விலையையும் கடன் தொகைக்குள் சேர்க்க வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் இடமிருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே செலவுப் பட்டியலில் காட்ட வேண்டும்.

அப்பாவின் கடை பெயரில் பில் போட்டால் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமாமே?

இது தேர்விலேயே கேட்கலாம். லேப்டாப்புக்கு 18 சதவீதம் வரி. பில் 59,000 ரூபாய் என்றால் பொருளின் மதிப்பு 50,000, வரி 9,000. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, தன் வியாபாரத்துக்காக வாங்கினால் அந்த 9,000-ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கு எடுக்க முடியாது. பையன் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் லேப்டாப் எந்த வகை என்பது சட்டத்துக்குத் தெரியும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடைக்கு எப்படியும் கிடைக்காது.

மாலையில் கடைக்கணக்கை நிஜமாகவே அதில்தான் எழுதுகிறீர்கள் என்றால், ஆடிட்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி வியாபாரத்துக்குரிய பங்கை மட்டும் கேளுங்கள். கடைச் சொத்தாகவே இருந்தால் வருமான வரியில் தேய்மானம் 40 சதவீதம்: 50,000-க்கு முதல் ஆண்டு 20,000. அந்த ஆண்டில் 180 நாட்களுக்கும் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி, அதாவது 10,000. 59,000-க்கும் தேய்மானம் கணக்கிட்டுவிட்டு 9,000-க்கு வரி வரவும் எடுக்க முடியாது. வரித்தொகைக்குத் தேய்மானம் கோரினால் வரவு கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 16(3) பிரிவு சொல்கிறது.